ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம்



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த சமயம். கோலா சாவாப் பக்கம் பிற்பகல் மூன்று மணியானால் வானம் கறுத்துக்கொண்டு வரும் மாதம் அது. வகுப்பில் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் நோட்டு அப்பளம் போல உப்பிக் கிடந்தது. மை கரைந்து ஓடி, எழுதியதில் பாதியைப் படிக்க முடியவில்லை. அதே நோட்டில், அதற்கு முந்திய வாரம், "சுத்தம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதியவன் நான்தான்.

"என்னம்மா இது?" என்றேன்.

"பரண்ல தண்ணி சொட்டுது சார். நான் அங்கதான் படிக்கிறேன். மேசைய நகத்திப் போட்டோம். அங்கேயும் சொட்டுது" என்றாள். தான் ஏதோ குற்றம் செய்துவிட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பழைய பலகை வீடு, தகரக் கூரை. மூன்று பிள்ளைகள். கீழே இருப்பதோ ஒரே அறை. செனவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தகப்பனார், கூரைக்குக் கீழே இருந்த பரணுக்குப் பலகை அடித்து, ஏணி வைத்து, மூத்த மகள் படிக்க ஓர் இடம் உண்டாக்கியிருந்தார். வெளிச்சத்துக்காகத் தகரத்தை வெட்டி, மரச்சட்டம் அடித்து, இரண்டடி அகலத்தில் ஒரு கண்ணாடியும் பதித்திருந்தார். பெற்றவரின் ஆசையைப் பாருங்கள்! நாம் படிக்காவிட்டாலும் நம் பிள்ளை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கண்ணாடி.

ஆனால் மழை பெய்த முதல் நாளே ஒழுகிவிட்டது. தார் பூசினார். அடுத்து சிலிகன் அடைத்தார். பிறகு கன்வாஸ் துணியை விரித்துக் கட்டினார். சுமத்திராவிலிருந்து அடிக்கும் விடியற்காலைக் காற்றில் அது பறந்து போய்விட்டது.

"மூணு டின் தார் ஊத்திட்டேன் சார். இனிமே கண்ணாடியப் புடுங்கிட்டுத் தகரத்தால மூடிடப் போறேன்" என்றார்.

மூடிவிட்டால் பரண் இருட்டு. பகலிலும் விளக்கில்லாமல் முடியாது. அந்தப் பெண் மறுபடியும் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே கீழே வந்து உட்கார வேண்டியதுதான். "ஒரு வாரம் பொறுங்க அண்ணே. சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் கண்ணாடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் தகரக் கூரையும், வெளிச்சத்துக்குப் போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடும், புகைபோக்கித் துவாரமும் இல்லாத தோட்ட வீடு எது? எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான்.

மழை இல்லாமலும் சொட்டுமா?

முதலில் ஒரு கேள்வி. சொட்டுவது மழைத் தண்ணீர்தானா?

இதைக் கேட்டதும் அந்த வீட்டு அக்கா சிரித்துவிட்டார். "மழை இல்லாம வேற எங்கேருந்து சார் தண்ணி வரும்?" என்றார். வரும். நம் தோட்டத்து வீடுகளில் விடியுமுன்பே அடுப்பு எரியும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் பால்வெட்டுக்காரர்கள் இருட்டோடு எழுந்த பழக்கம் அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் போகவில்லை. சோறு கொதிக்கும் ஆவி நேரே மேலே ஏறுகிறது. மேலே இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் தகரமும் கண்ணாடியும் இருக்கின்றன. ஆவி அவற்றில் பட்டால் நீராகி முத்து முத்தாகச் சொட்டும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிளாஸில் ஓட்டையா இருக்கிறது?

ஆகவே மழை இல்லாத மூன்று நாள் காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது வேர்வை. அதற்குத் தாரும் வேண்டாம், சிலிகனும் வேண்டாம். அடுப்புக்கு மேல் உள்ள திறப்பை மூடி, ஆவி வெளியே போகச் சுவரின் மேல்புறத்தில் வழி விட்டால் போதும். அந்த வீட்டில் இரண்டும் இருந்தன. காலையில் வேர்வை, மாலையில் மழை. வேர்வையைக் கண்டு தகப்பனார் தார் பூசிய நாட்களும் உண்டு!

சொட்டும் இடத்தை நம்பாதீர்கள்

தண்ணீர் சொட்டியது சட்டத்தின் வலது கீழ் மூலையில். மூன்று டின் தாரும் அந்த மூலையில்தான் அப்பியிருந்தது. நம்மில் எல்லாரும் செய்வது இதுதான். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் ஓரிடத்தில் நுழையும். கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடும். ஓர் ஆணியோ மரக்கணுவோ குறுக்கிட்டால் அங்கே நின்று சொட்டும். நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் ஐந்தாறு அடி தூரம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. எனவே சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும். தண்ணீர் ஒருநாளும் மேல்நோக்கி ஓடிவந்து சொட்டுவதில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நல்ல வெயில் நாளில் ரப்பர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியே ஏணியில். இன்னொருவர் உள்ளே டார்ச் லைட்டும் சுண்ணாம்புக் கட்டியுமாக. முதலில் கண்ணாடிக்குக் கீழ்ப்புறம் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். சொட்டாவிட்டால் ஒரு பக்கம். அப்புறம் மறுபக்கம். அதன் பிறகே மேல் விளிம்பு. கடைசியாக முகடு. எடுத்த எடுப்பில் மேலேயிருந்து தண்ணீரை விட்டால் அது எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு ஓடும். எது குற்றவாளி என்று தெரியாது.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். கீழ்ப்புறம் சொட்டவில்லை. இரு பக்கமும் சொட்டவில்லை. மேல் விளிம்புக்கு வந்து நான்கு நிமிடம் ஆவதற்குள், "சார்! வருது சார்!" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் கத்தினாள். மேல் விளிம்பில் நுழைந்த நீர் சட்டத்தின் ஓரமாகவே இறங்கி, வலது கீழ் மூலையில் சொட்டியது. தகப்பனார் ஏணியிலேயே சிறிது நேரம் பேசாமல் நின்றார். மூன்று டின் தாரும் தப்பான இடத்தில்.

அதுமட்டுமல்ல. கீழ் விளிம்பைத் தாரால் அடைத்ததால், உள்ளே நுழைந்த கொஞ்ச நீரும் வெளியே வடிய வழியில்லாமல் போய்விட்டது. வாசலை விட்டுவிட்டு வடிகாலை அடைத்த கதை!

மேலது கீழதன்மேல் படிய வேண்டும்

கூரையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது பசையல்ல, அடுக்குதான். நம் முன்னோர் அத்தாப்பு வேய்ந்தபோது பசையா பூசினார்கள்? மேல் வரிசை ஓலை கீழ் வரிசை ஓலையின்மேல் படிந்திருந்தது. மழை ஓலைக்கு ஓலை இறங்கி வாசலுக்குப் போனது. தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஓடு ஒன்றைச் செருகி வைப்பார்கள். அது மற்ற ஓடுகளின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. அதனால் மேல் ஓட்டுக்கு அடியிலும் கீழ் ஓட்டுக்கு மேலும் அப்படியே பொருந்திக்கொள்ளும். கண்ணாடியானாலும் அது ஓட்டோடு ஓடுதான். ஆகையால் ஒழுகுவதில்லை.

நம் தலைக்கு மேலிருக்கும் நெளித் தகரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1829இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற பொறியியலாளர் நெளித் தகரத்துக்கு உரிமம் பெற்றார். 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இரண்டும் சேர்ந்துதான் உலகத்துத் தோட்ட வீடுகளுக்கெல்லாம் கூரையானது. நெளியின் பள்ளத்தில் தண்ணீர் ஓடும், மேடு காய்ந்திருக்கும். அதனால்தான் திருகாணியை மேட்டில் அடிக்க வேண்டும் என்கிறோம். பள்ளத்தில் அடித்த ஆணி, ஓடைக்கு நடுவே தோண்டிய கிணறு.

ஆணி என்றால் ஓட்டை என்பதை மறக்காதீர்கள். நம் நெகிரி செம்பிலானிலேயே ஸ்ரீ மெனாந்தியில் ஒரு பழைய மர அரண்மனை இருக்கிறது. 1902இல் தொடங்கி 1908இல் கட்டி முடித்தார்கள். 99 தூண்கள், இரும்பு ஆணியே அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டியது. நாம் அரண்மனை கட்டப் போவதில்லை. ஆனாலும் வேண்டாத இடத்தில் ஒரு ஆணியைக்கூட அடிக்காதிருக்கலாம் அல்லவா?

சரிவான கூரையில் சன்னல் வைப்பது குளிர்நாடுகளில் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முசன் என்பவர் 1941இல் தொடங்கிய வெலக்ஸ் நிறுவனம், காற்று, வெளிச்சம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தே அந்தப் பெயரை வைத்தது. யாரும் குடியிருக்காத பரண்களில் பிள்ளைகள் படிக்கவும் படுக்கவும் வழி பிறந்தது. அந்தச் சன்னல்களைச் சுற்றிலும் தகட்டு அடுக்குதான் தண்ணீரைத் திருப்பி விடுகிறது. வெளிநாட்டுச் சன்னலுக்கும் நம் அத்தாப்புக்கும் சட்டம் ஒன்றே: மேலது கீழதன்மேல் படிய வேண்டும்.

நாங்கள் செய்த வேலை

பழைய தாரை முழுவதும் சுரண்டி எடுத்தோம். தகரம் நடுப்பகலில் சூடேறி விரியும். திடீர் மழையில் சுருங்கும். காய்ந்து கெட்டியான தார் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும். அதன்மேல் புதுத் தார் பூசினால் அதுவும் வெடிக்கும்.

அடுத்து, மரச்சட்டம் தகரத்தின் மேட்டுக்கு மேல் நான்கு அங்குலமாவது நிற்கும்படி உயர்த்தினோம். முன்பு அது ஒரு அங்குலம்தான் இருந்தது. பெருமழையில் தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

அப்புறம் தகடு. வளைத்துக் கொடுக்க ஒரு தகர வேலைக்காரரைப் பிடித்தோம். தகடு வைத்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கீழ்த் தகடு. அதன் கீழ்நுனி நெளித் தகரத்தின்மேல் படிந்திருந்தது. இரண்டாவது பக்கத் தகடுகள். அவற்றின் கீழ்நுனி கீழ்த் தகட்டின்மேல். கடைசியாக மேல் தகடு. அது பக்கத் தகடுகளின்மேல். மேல் தகட்டின் தலைப்பகுதியை எங்கே வைப்பது? அதுதான் முக்கியம். அதை நெளித் தகரத்தின்மேல் ஒட்டினால், தகரத்தில் ஓடிவரும் நீர் அதன் அடியில் புகுந்துவிடும். எங்கள் கண்ணாடியிலிருந்து முகடு மூன்றடிதான். ஆகவே மேல் தகட்டை முகடு வரைக்கும் ஒரே துண்டாக நீட்டி, முகட்டுத் தகட்டுக்கு அடியில் செருகிவிட்டோம். முகட்டில் விழும் நீர் இனி தகட்டின்மேல்தான் ஓடும். அடியில் புக வழியில்லை.

கண்ணாடிக்கு மேற்புறம் தகட்டை மீன்முதுகு போலச் சற்றுக் குவித்து வளைத்தோம். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து பக்கங்களில் ஓடியது. அங்கே முன்பு ஒரு கூடை சருகு தேங்கிக் கிடந்தது. பால்மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் அதைக் கூட்டித் தள்ளாவிட்டால், சருகே அணையாகித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

பழைய ஆணிகளைப் பிடுங்கி, ரப்பர் வளையம் வைத்த திருகாணிகளைப் போட்டோம். ரப்பர் மெதுவாக அமுங்கும்வரை திருகினால் போதும். நசுங்கும்வரை திருகினால் சீக்கிரம் வெடிக்கும். சிலிகனும் வாங்கினோம், ஆனால் கடைசியில், கொஞ்சமாக. புளிப்பு வாடை அடிக்கும் சிலிகன் துத்தநாகத்தை அரிக்கும். ஹார்ட்வேர் கடையில் தகரத்துக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக், தகரத்தைவிட அதிகம் விரியும். ஆணித் துளையைத் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் தகடு கிழிந்துவிடும். அதன் மேல்நுனி மேல் தகரத்துக்கு அடியிலும், கீழ்நுனி கீழ்த் தகரத்துக்கு மேலும் ஆறு அங்குலமாவது படிய வேண்டும்.

ஏறுவதற்கு முன்

இதைச் சொல்லும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் லயத்து வீட்டுக் கூரை ஒழுகியது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பதினாறு வயது அண்ணன், "நான் பார்க்கிறேன்" என்று ஏறினார். சமையலறைக்கு மேல் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் தகட்டில் அழுக்குப் படிந்து, அது தகரம் போலவே தெரிந்தது. அதில் கால் வைத்தார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்புத் திட்டின்மேல் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். இன்றைக்கும் அவர் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அவர் காற்பந்து விளையாடியதை நினைவு வைத்திருப்பவர்கள் இப்போது நானும் அம்மாவும் மட்டும்தான்.

ஆகவே நண்பர்களே, ஈரக் கூரையில் ஏறாதீர்கள். இடி கேட்டால் இறங்கிவிடுங்கள். ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். மேல்முனையைக் கட்டிவிட்டு, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். தகரத்தில் நடந்தால் ஆணி வரிசையின்மேல் கால் வையுங்கள். அதன் அடியில்தான் சட்டம் இருக்கிறது. பலகை போட்டு நடப்பது இன்னும் நல்லது. பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்கக் கூடாது. மின்சாரக் கம்பி பக்கத்தில் தண்ணீர் ஒழுகினால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் கெட்டியான சிமெண்டுத் தகட்டுக் கூரை இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ துளைக்கவோ கூட்டவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். மிதித்தாலும் அது உடைந்துவிடும். அந்த வேலை நமக்கானது அல்ல.

வீடு தோட்டத்துடையதானால்

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக்காரர்களுக்கு. முதலாளி கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் கூரைமேல் ஏற வேண்டிய அவசியமே இல்லை. தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்துக்காக 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் வந்த 446ஆம் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. "மண்டோரிடம் சொல்லியிருக்கிறேன்" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். வாய்ச் சொல் காற்றோடு போகும். வீட்டு எண், தேதி, எங்கே ஒழுகுகிறது என்பதை எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் சங்கம் இருக்கிறது. தொழிலாளர் இலாகா இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். மாலையில் பள்ளிக்கு வந்து கேளுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மறுபடியும் மழை

வேலை முடிந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஒரு சொட்டு வந்துச்சு சார். இடது பக்கம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். இடது பக்கத் தகட்டில் ஒரு திருகாணியைப் பள்ளத்தில் போட்டிருந்தோம். பாடம் சொல்லிக் கொடுத்தவனே செய்த பிழை! அந்தத் துளையை அடைத்து, திருகாணியை மேட்டுக்கு மாற்றினோம். தீபாவளி வாரம் முழுவதும் மழை. பரண் காய்ந்தே இருந்தது.

கோலா என்றால் ஆறுகள் கூடுமிடம். சாவா என்றால் நெல்வயல். தண்ணீரின் பெயரையே வைத்துக்கொண்ட ஊரில் மழையோடு சண்டை போட முடியாது. அது போகும் வழியை அறிந்து வழி விட்டால், அது நம் பிள்ளைகளை விட்டு விலகி ஓடும்.

அந்த மாணவிக்குப் புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழைய நோட்டை அவளிடம் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். நான் எழுதிய சிவப்பு மையும் அதில் கரைந்துதான் போயிருக்கிறது. ஆனால் என்ன எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் நோட்டில் கறை தெரிந்தால், அது எங்கேயிருந்து ஒழுகி வந்தது என்று ஒரு முறை மேலே தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.